கடவுச்சீட்டு இல்லாத காலத்தில் இலங்கைக்கு யார் தடையின்றிப் போய்வந்தார்கள்?

வாசகர் ஒருவரின் கருத்து, 2025 மே 4
"1948க்கு முன்பு பாக் நீரிணையில் எல்லை என்று எதுவும் கிடையாது. எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கினால் கொழும்பு வரை போகலாம். கடவுச்சீட்டும் விசாவும் வந்த பிறகுதான் இரு கரைகளும் அந்நியமாயின. மக்கள் இயல்பாக நடமாடிய காலத்தை அரசுகள் கெடுத்துவிட்டன. மறுப்பவர் உண்டா?"

என் குறிப்புகளை இதன் கீழேயே இடுகிறேன்.

2025 மே 4, இரவு

ஒரே சீட்டு என்பது உண்மை. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, காத்து நிற்கும் நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் வேறொரு ரயிலைப் பிடித்துக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். ஆனால் அந்த ரயிலில் இருந்த எல்லோரும் தனுஷ்கோடி வரை போனார்களா? தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட தொழிலாளர்கள் பாலத்துக்கு இப்பாலேயே, மண்டபம் என்ற ஊரில், இறக்கப்பட்டார்கள். எல்லை அங்கே இருந்தது. பயணச்சீட்டை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், வழியில் இறக்கப்பட்டவர்கள் அதில் வரமாட்டார்கள்.

2025 மே 5

மண்டபம் முகாம் என்றால் அகதி முகாம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்று ஆம். அது கட்டப்பட்ட காரணம் வேறு. பெரியம்மையும் காலராவும் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, இந்தியக் கரையில், இலங்கை அரசின் பொறுப்பில் நடந்த தடுப்பு முகாம் அது. இதற்கு முன்பு தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் இதே வேலைக்கு ஒரு முகாம் இருந்தது. இலங்கையின் வாசற்படி ராமநாதபுரம் மண்ணில் கிடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

என் தாத்தா சிறுவனாக இருந்தபோது, முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், முசிறிப் பக்கத்திலிருந்து தம் தகப்பனாருடன் அந்த முகாம் வழியாகப் போனார். அம்மை குத்தினார்கள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், உடுத்தியிருந்ததைக் கழற்றி வாங்கி நீராவியில் அவித்தார்கள். அவித்த வேட்டி திரும்பி வந்தபோது முரமுரவென்று சுருங்கி, முழங்காலுக்கு மேல் நின்றதாம். "கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியடா, கண்டிச்சீமைக்குப் போகிறதுக்குள் கோவணமாகிவிட்டது" என்று தம் தகப்பனார் புலம்பியதைத் தாத்தா கடைசி வரை நடித்துக் காட்டுவார். சில நாட்கள் அங்கே வைத்திருந்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள்.

அதே கப்பலின் மேல்வகுப்பில் போன வழக்கறிஞருக்கும் வணிகருக்கும் வேட்டி சுருங்கவில்லை. ஒரே கப்பல், ஒரே கடல். இரண்டு வகையான பயணிகள். உங்கள் கருத்தில் வரும் "மக்கள்" என்ற சொல் இந்த இருவரில் யாரைக் குறிக்கிறது?

2025 மே 5, சற்று நேரம் கழித்து

ஒருவர் தம் கொள்ளுத்தாத்தா முதல் வகுப்பில் கொழும்பு போய், கடை வைத்து, வருடம் ஒருமுறை திருவிழாவுக்கு ஊர் திரும்பியதாக எழுதியுள்ளார். நம்புகிறேன். என் கொள்ளுத்தாத்தா கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டிக்கொண்டு போனார். இருவரும் ஒரே நாளில் புறப்பட்டிருந்தாலும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

2025 மே 7

தகர வில்லை பற்றி நிறையக் கேள்விகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. வட்டமான சிறு தகரத்தில் துளையிட்டு, மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் என்று அடித்திருப்பார்கள். அதைக் காட்டினால் ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், வழிச்சோறு எல்லாம் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1904இல் இலங்கைத் தோட்டத் துரைமார் திருச்சிராப்பள்ளியில் தங்களுக்கென ஓர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தையே அமைத்துக்கொண்டார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் கிராமங்களில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி ஆள் பிடித்தால், அந்த ஆள் எந்தத் தோட்டத்தில் போய் இறங்குவார் என்பது ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தகரத்தில் எழுதப்பட்டிருக்கும். பெயர் தேவைப்படவில்லை.

இதைக் கடவுச்சீட்டு என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்கிறார். கடவுச்சீட்டு, இவர் இன்ன நாட்டவர் என்று சொல்லும். தகரம், இவர் இன்ன தோட்டத்தின் சரக்கு என்று சொன்னது. இரண்டுமே ஒருவரை வழியில் விடலாமா கூடாதா என்று அடுத்தவர் முடிவு செய்வதற்கான பொருள்கள்தாம்.

2025 மே 8

சென்ற நூற்றாண்டுக்கும் முன்னால் போக வேண்டும் என்று மன்னார்க்காரர் ஒருவர் சொல்கிறார். நியாயம். அங்கே தொடக்கக் கருத்துக்குச் சற்று வலு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காப்பிக் காலத்தில், அதாவது 1830கள் முதல் 1870கள் வரை, போனவர்களில் பெரும்பாலோர் குடியேறப் போகவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குப் போனார்கள், பறித்து முடித்ததும் ஊர் திரும்பினார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை சுமார் 250 கிலோமீட்டர் நடந்தார்கள். யாரும் தாள் கேட்கவில்லை. ஆனால் தண்ணீரும் கொடுக்கவில்லை. காலராவிலும் காய்ச்சலிலும் அந்தப் பாதையோரம் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. 2023இல் மலையக மக்களின், அதாவது இந்தத் தோட்டத் தமிழர்களின், 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. அது இந்தப் பாதையின் நினைவாகத்தான்.

எனவே, கட்டுப்பாடு இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 மே 8, இரவு

மேலே எழுதியதைப் படித்தபோது ஒன்று விடுபட்டது தெரிந்தது. பருவத்துக்குப் போய்வந்தவர்கள் ஏன் நிலைத்துவிட்டார்கள்? ஒரு காரணம் பூஞ்சை. 1869இல் காப்பி இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் தேயிலை நட்டிருந்தார். காப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்தோ வருடம் முழுவதும் துளிர்க்கும், வாரத்துக்கு வாரம் பறித்தாக வேண்டும். ஆணோடு பெண்ணும் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள். லயங்கள் என்ற வரிசை வீடுகள் கட்டப்பட்டன. போய்வந்தவர்கள் தங்கியவர்களானது செடி மாறியதால். எந்தக் குடியேற்றக் கொள்கையும் அதற்குக் காரணம் இல்லை.

2025 மே 10

"பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்திருக்கலாமே, யார் தடுத்தது?" என்று ஒரு கேள்வி. கடன் தடுத்தது.

வழிச்செலவு முதல் கம்பளி வரை எல்லாம் முன்பணம். அந்தப் பணம் கங்காணியின் பெயரில் நிற்கும்; கங்காணிக்கு ஆள் தரவேண்டிய கடனாக நிற்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. துண்டு இல்லாமல் கிளம்பியவரை வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. சொல்லாமல் போனவரை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறையிலும் போடலாம். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கடலைக் கடப்பதைவிட அடுத்த மலைக்குப் போவது கடினமாயிருந்த காலம் ஒன்று உண்டு என்று இதைச் சுருக்கலாம். தோட்டத்து வேலிக்குள்ளேயே எல்லை ஓடியது, காவல்காரர் கணக்கப்பிள்ளை.

2025 மே 11

செட்டிநாட்டு நண்பர் கோபித்துக்கொண்டார். வணிகர்களைப் பழிக்கவில்லை. நகரத்தார் கொழும்பிலும் தோட்ட நகரங்களிலும் கிட்டங்கி வைத்து, முகவரை அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆளை மாற்றினார்கள்; கடல் அவர்களுக்குத் தெரு போலத்தான் இருந்திருக்கும். கீழக்கரை, காயல்பட்டினத்து மரக்காயர்களுக்கும் அப்படியே. முத்துக்குளிப்புக் காலத்தில் தூத்துக்குடிப் பரதவர் மன்னார்க் கரையில் கூடாரம் போட்டதும் அப்படியே. இவர்கள் அனுபவம் பொய்யில்லை. அதுவே எல்லோருடைய அனுபவமும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

2025 மே 13

கதவை மூடியது இலங்கை மட்டும்தான் என்ற தொனி இந்த இழையில் வலுத்து வருகிறது. இந்தியாவும் மூடியது. பயிற்சியற்ற தொழிலாளர் வெளிநாடு போவதை 1922ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியரை நீக்கத் தொடங்கியதும், 1939 ஆகஸ்டு 1 முதல் அத்தகைய தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதையே இந்திய அரசு தடை செய்தது. நேரு அந்த ஆண்டு கொழும்புக்குப் போய்ப் பேசிப் பார்த்தும் பயன் இல்லை. தடையின் நோக்கம் நியாயமாக இருக்கலாம். கைத்தொழில் தெரியாதவருக்கு மட்டும் கடல் மூடப்பட்டது என்ற உண்மை அதனால் மாறுவதில்லை.

2025 மே 16

இப்போது 1948. தொடக்கக் கருத்தை எழுதியவர் இதற்காகவே காத்திருக்கிறார் என்று தெரியும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம். தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்களின் பிறப்பையே சரியாகப் பதியாத இடத்தில் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவது? 1949இல் இன்னொரு சட்டம் வந்தது: பதிவு செய்து பிரஜையாகலாம், ஆனால் 1946 ஜனவரி 1க்கு முந்தைய ஏழு ஆண்டுகள் மணமானவரும், பத்து ஆண்டுகள் மற்றவரும் இடைமுறியாமல் தீவில் வசித்ததை நிறுவ வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் வசிப்பு முறிந்ததாகக் கொள்ளப்படும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹட்டன் பக்கத்து ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில் (லயத்து அறைகளில்), தாத்தாவும் அவர் தம்பியும் இருந்தார்கள். 1938இல் முசிறியில் ஒத்திக்கு வைத்திருந்த அரைக் காணி நிலத்தை மீட்கவும் தங்கைக்குக் கல்யாணம் செய்யவும் தாத்தா ஊருக்குப் போனார். நிலம் மீளவில்லை, கல்யாணம் தள்ளிப்போயிற்று, ஓராண்டு தாண்டிவிட்டது. பிறகு திரும்பி அதே தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்றார். பெயரை மறுபடி செக்றோல் என்ற ஆள் பதிவேட்டில் ஏற்றினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்னத் தாத்தாவோ கப்பல் ஏறப் பயந்தவர், ஊர்ப்பக்கமே போனதில்லை. பதினைந்து ஆண்டு கழித்து விசாரணையில் ஊருக்குப் போனதுண்டா என்று கேட்டார்கள். தாத்தா பெருமையாகச் சொல்லியிருக்கிறார், போனேன், தங்கை கல்யாணத்தை முடித்தேன் என்று. தம்பி பிரஜையானார். அண்ணன் நாடற்றவரானார்.

தொடக்கக் கருத்து கொண்டாடும் அந்தத் தடையற்ற போக்குவரத்து இருக்கிறதே, தாத்தாவுக்கு எதிராக வைக்கப்பட்ட சாட்சியம் அதுதான். போனவர் மாட்டிக்கொண்டார், பயந்து உட்கார்ந்தவர் பிழைத்தார். 1948க்கு முன், 1948க்குப் பின் என்று காலத்தை இரண்டாக வெட்டுவதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான்: புதிய சட்டம் பழைய பயணங்களுக்குள் கையை நீட்டி, அவற்றின் பொருளையே மாற்றியது.

2025 மே 17

எண்ணிக்கை குறித்து மூவர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேசப்பட்டவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் 1,50,000. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். யார் எந்தப் பக்கம் என்று மக்களைக் கேட்கும் முன்பே எண்ணிக்கை முடிவாகிவிட்டது.

2025 மே 20

"தாயகம் திரும்பியவர்கள் மகிழ்ச்சியாகத்தானே வந்தார்கள்?" என்ற கேள்விக்கு ஒருவரிப் பதில் இல்லை. அப்பாவுக்கு விருப்பம் இருந்தது, அம்மாவுக்கு இல்லை. அம்மா இந்தியாவைப் பார்த்ததே கிடையாது.

1973இல் எனக்கு ஒன்பது வயது. கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த கடவுச்சீட்டு அப்பாவின் சட்டைக்குள் இருந்தது. ஹட்டன் நிலையத்தில் கோச்சி கிளம்பும்போது எழுந்த அழுகையால் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். சின்னத் தாத்தா குடும்பம் நடைமேடையில் நின்றது, நாங்கள் உள்ளே. தலைமன்னாரில் சுங்கத்தார் தையல் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். ராமானுஜம் கப்பல் ராமேசுவரத்தில் இறக்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் பழைய துறை இல்லை.

பிறகு மண்டபம். தாத்தாவின் வேட்டியை அவித்த அதே முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்கு அனுப்பும் முன் வடிகட்டிய இடம், இப்போது இந்தியாவுக்குள் விடும் முன் வடிகட்டியது. அங்கே குடும்ப அட்டை கொடுத்தார்கள். இன்றும் என்னிடம் இருக்கிறது: நான்காக மடித்து மடித்து மடிப்பில் ஒளி தெரியும் தடித்த தாள், ஓரத்தில் ஒட்டிய படத்தில் நாங்கள் ஐவர், நடுவில் அப்பா நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கும் சிலேட்டில் சாக்குக்கட்டியால் எழுதிய எண். பணக்கொடை வாங்கிய முத்திரைகள், கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியதாக ஒரு கையெழுத்து. தாத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "எங்கப்பனுக்குக் கழுத்தில் கட்டினான், உனக்குக் கையில் கொடுத்திருக்கிறானா?"

2025 மே 21

நீலகிரியில் இறங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டவருக்கு: அங்கே எங்களுக்குக் கள்ளத்தோணி என்று வசவு, இங்கே சிலோன்காரன். என் மகளுக்குச் சாதிச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, 1950க்கு முன்பு உங்கள் குடும்பம் தமிழ்நாட்டில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார்கள். அங்கே, இந்தியாவில் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். இங்கே, இந்தியாவில் இருந்ததற்கு. 1938இல் தாத்தா முசிறியில் இருந்த அந்த ஓராண்டை இந்த எழுத்தரிடம் காட்ட முடிந்திருந்தால் எவ்வளவு உதவியாயிருக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார்.

2025 மே 24

கச்சத்தீவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது, திரும்பாவிட்டால்தான் வியப்பு. மீன்பிடி உரிமையை இங்கே இழுக்காமல் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1974 ஒப்பந்தத்தின்படி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகும் இந்தியருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையில்லை. தடையற்ற கடல் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் அதைப் பார்க்கலாம்: முன்கூட்டியே பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, சோதனை முடித்து, குறித்த படகில் போய், மறுநாள் திரும்ப வேண்டும். நான் போயிருக்கிறேன். பூசை நன்றாக இருந்தது. கரையில் இருபக்கத்து உறவினர்களும் சந்தித்துச் சேலையும் சோப்பும் மாற்றிக்கொள்வதைப் பார்த்தேன். அதைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

2025 மே 29

"சரி, இதெல்லாம் பழங்கதை, இன்று எல்லோரும் ஏதோ ஒரு நாட்டின் குடிமக்கள்தானே" என்பது கடைசியாக வந்த பதில். இல்லை.

1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த பலர் இருந்தார்கள். 1983 கலவரம் வந்தது. அடுத்த ஆண்டு ராமேசுவரம்-தலைமன்னார்க் கப்பல் நின்றது. இலங்கையில் இருந்துவிட்டவர்களுக்கு 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் அந்நாட்டுக் குடியுரிமையைக் கொடுத்தன. ஆனால் இடையில் உயிருக்குப் பயந்து மீன்பிடிப் படகில் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்ட மலையகத்தவர்கள் முகாம்களில் அகதிகளாகப் பதியப்பட்டார்கள். கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். படகில் வந்ததால் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறிகள். திருச்சி முகாம்வாசிகள் உள்ளிட்ட சிலர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021இல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது, பெயர் மாறியது.

என் அம்மாவின் தங்கை அப்படி வந்தவர். விண்ணப்பித்தது எங்களோடு சேர்ந்துதான். எங்கள் முறை முன்னால் வந்தது. அவருடைய பேத்தி இந்தியாவில் பிறந்து இந்தியாவில் பொறியியல் படித்தவள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டபோது, பாட்டியின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாமா என்று என்னிடம் கேட்டாள். சீட்டு வாங்கலாம். ஏறுவதற்குக் காட்ட அவளிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை.